சுவிட்ச் மேல் ஒட்டிய சீட்டு

ஜனவரி 11

அன்புள்ள சுண்டு,

இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், அதையே நலம் என்று வைத்துக்கொள். உன் இருமல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

போன் இருக்கும்போது இவள் ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று சிரிப்பாய். சிரித்து முடித்துவிட்டு மேலே படி. நேற்று நம் வீட்டுக்குப் போலீஸ் வந்தது.

சீருடை இல்லாமல் ஒரு பெண் இன்ஸ்பெக்டரும் இன்னொருவரும். நான் வேலை அறையில் கீழ்வரிசைப் பல் செட் ஒன்றுக்கு மெழுகு ஊற்றிக்கொண்டிருந்தேன். "உங்க வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?" என்றார். "நானும் வீட்டுக்காரரும். பொண்ணு ஹாஸ்டல்ல படிக்கிறா. மாடியில வாடகைக்கு ஒரு நர்ஸ் பிள்ளை, பையன்தான்" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதாகக் கேட்டது.

ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி அம்மாவுக்கு யாரோ பெயரில்லாமல் மிரட்டல் மெயில் அனுப்புகிறார்களாம். நீ கம்ப்யூட்டர் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிதான், பொய்ப் புகார் சொல்லி உன்னை வெளியே அனுப்பினார்களே, அது. எனக்குப் பல் செட் வேலை தருவதும், நர்ஸ் பிள்ளைக்குச் சம்பளம் தருவதும் அவர்கள்தான். அந்த மெயில் அத்தனையும் நம் வீட்டு வைஃபையிலிருந்து போயிருக்கிறதாம். "மத்தபடி வேற எங்கிருந்தும் இல்லீங்க, இந்த வீடுதான்" என்று தரையைக் காட்டினார்.

உன்னைப் பற்றியும் கேட்டார். கடல் தாண்டிப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் ஒரு தடவைகூட வரவில்லை என்றேன். அதோடு உன்னை விட்டுவிட்டார். மெயில் இந்த வீட்டுக்குள்ளிருந்து போகும்போது உன்னைப் பிடித்து என்ன ஆகப்போகிறது.

வைஃபை பெட்டியை மாட்டியவன் நீ. என் வேலை அறையில் தனி வயர் இழுத்து, சுவிட்ச் மேல் "இதை அணைக்கக் கூடாது" என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போனாய். அந்தச் சீட்டு பழுத்துப்போய் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நானும் ஒரு நாள் அதில் கை வைத்ததில்லை. எங்களுக்குத் தெரியாமல் எங்கள் வீட்டிலிருந்து இன்னொருவர் எப்படி எழுத முடியும்? போனில் கேட்கப் பயமாக இருக்கிறது. அதுவும் அந்தப் பெட்டியோடுதானே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் எழுது.

உன் அக்கா

*

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் கிளம்பிப் போய்விட்டது. வேளைக்குச் சாப்பிடுகிறேன், சமைப்பது நான்தான் என்பதால் ருசியைப் பற்றிக் கேட்காதே. அத்தானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

முதலில் பயத்தை இறக்கி வை. வைஃபை நான்கு சுவருக்குள் அடங்கிக் கிடக்கிற சமாசாரம் இல்லை. ஜன்னல் வழியாக, சுவர் வழியாக, பக்கத்து வீட்டு மாடி வரைக்கும் கசியும். தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிற எவனும் அதைப் பிடிக்கலாம். பாஸ்வேர்டு இருக்கிறதே என்பாய். நம் வீட்டுப் பாஸ்வேர்டு என்ன? மகளின் செல்லப் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அத்தான் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார். இன்றைக்கே மாற்று. நீளமாக, அர்த்தமில்லாததாக வை.

நீ கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பழுது வந்தால் வெளியூரிலிருந்தே பெட்டிக்குள் நுழைந்து சரிசெய்ய ஒரு வழி வைத்திருந்தேன். கிளம்பின அன்றே அதை அடைத்துவிட்டேன். ஆகவே அந்தப் பக்கம் கவலை வேண்டாம்.

போலீஸ் மறுபடி வந்து பெட்டியை மாட்டியது யார் என்று கேட்டால் கடைக்காரர் என்று சொல்லிவிடு. என் பெயரைச் சொன்னால் ஒன்றுமில்லாததற்கு இங்கே விசாரணை, கடிதம் என்று என் புது வேலையில் கை வைப்பார்கள். இதைப் பற்றிப் போனில் பேசாதே. கடிதம் எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அது நல்ல யோசனை.

அன்புத் தம்பி

*

பிப்ரவரி 3

அன்புள்ள சுண்டு,

உன் கடிதம் வந்ததும் பாதி உயிர் வந்தது. அத்தானின் முழங்கால் பழையபடிதான், படி ஏறும்போது மட்டும் என் பரம்பரையையே திட்டுகிறார்.

நீ சொன்னபடி கடைக்காரர் என்று சொன்னேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டபோது கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. பாஸ்வேர்டையும் மாற்றினேன். உன் அத்தானுக்கே அதைச் சட்டைப் பையில் எழுதி வைத்தால்தான் ஆகும், அப்படி ஒரு நீளம். தெரிந்தவர்கள் நான், அவர், நர்ஸ் பிள்ளை, அவ்வளவுதான்.

மாற்றின மறுநாள் அந்த அம்மாவுக்கு இன்னொரு மெயில் போயிருக்கிறது. நம் வீட்டிலிருந்தேதான்.

தெருவில் போகிற எவனோ என்று நான் தேற்றிக்கொண்டிருந்தது ஒரே நாளில் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் அதை எனக்குப் படித்துக் காட்டினார். "உன் மகள் நீலக் கேட் வழியாக வருகிறாள். குடை எடுத்து வர மறந்துவிடுகிறாள். நீ என்னை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தாய். உன்னை நான் தூங்க விட மாட்டேன்." அந்த அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி இருக்கிறாள். இப்போது அவளை எங்குமே அனுப்புவதில்லையாம்.

நர்ஸ் பிள்ளைக்கும் அந்த அம்மாவுக்கும் டியூட்டி மாற்றுவதில் சண்டை வந்ததாம், வார்டில் எல்லோரும் பார்க்கத் திட்டு வாங்கினாராம். நான் காய்ச்சலில் கிடந்தபோது வேளை தவறாமல் மாத்திரை கொண்டுவந்து வைத்த பிள்ளை அது. ஆனால் மாடியில் அவர் நடக்கும் சத்தம் கேட்டால் இப்போது என் கை நின்றுபோகிறது. மாடிப்படிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, போட்டோமா என்று மறுபடி போய்ப் பார்க்கிறேன். போனைத் துணி போட்டு மூடி வைக்கிறேன். அந்தப் பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்டுகிறதே, யாரோ இந்த நிமிஷம் எழுதுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. எனக்கு என் வீட்டுக்குள்ளேயே பயமாக இருக்கிறது.

இதற்கு முந்தின மெயில்களில் என்ன எழுதியிருந்தது என்று நீ கேட்கவே இல்லையே.

உன் அக்கா

*

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். இங்கே குளிர், வேலை, தூக்கம், வேறொன்றும் இல்லை.

நர்ஸை நான்தான் உன் வீட்டுக்கு அனுப்பி வைத்தேன் என்று நினைக்கும்போது கஷ்டமாக இருக்கிறது. கூட வேலை பார்த்த பழக்கம்தான், மனசுக்குள் புகுந்து பார்க்கவா முடியும்? மாத்திரை வாங்கிக் கொடுப்பவன் மெயில் எழுத மாட்டான் என்று என்ன நிச்சயம். போலீஸ் கேட்டால் உனக்குத் தெரிந்ததைச் சொல். அவருக்காகப் பரிந்துகொண்டு போகாதே.

இதற்கு ஒரே வழி, அந்தப் பெட்டியை உடைத்துத் தூரப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதுதான். பல் அச்சுப் பிளாஸ்டர் உடைக்கிற சுத்தியல் உன்னிடம் இருக்கிறதே. பழையதைக் குப்பையில் முழுசாகப் போடாதே, யாராவது எடுத்துவிடுவார்கள். இனிமேல் மெயில் வராது என்றுதான் நினைக்கிறேன்.

தம்பி

*

பிப்ரவரி 24

அன்புள்ள சுண்டு,

நலம் விசாரிக்கக் கை ஓடவில்லை. நீ நன்றாக இரு.

நர்ஸ் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டார்கள். மெத்தையைக் கிழித்துப் பார்த்தார்கள், அவருடைய கம்ப்யூட்டர், போன், பழைய சார்ஜர் வரைக்கும் மூட்டை கட்டினார்கள். படியில் இறங்கும்போது என் அறைப் பக்கம் திரும்பி, "அக்கா, நான் இல்லக்கா. நீங்களாவது சொல்லுங்கக்கா" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே வரவில்லை. அவர்மேல் கோபம் எதுவும் இல்லை, பயம்தான்.

மறுநாள் அவருடைய அம்மா வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். என் வேலை மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, நான் பல் அடுக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் எறும்பைக்கூட ஊதித்தாம்மா தள்ளுவான்" என்றார். பிள்ளையைக் கொண்டுபோன பிறகு மெயில் வரவே இல்லை. அதையே சாட்சியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். குற்றம் நிரூபணமானால் பல வருஷம் உள்ளே இருக்க வேண்டும், நர்ஸ் வேலை இந்த ஜென்மத்துக்குக் கிடையாது.

இன்னொன்று. ஆஸ்பத்திரிப் பல் பிரிவிலிருந்து வழக்கம்போல அச்சுகள் வந்தன. அதில் ஒன்றில் அந்த நிர்வாக அதிகாரி அம்மாவின் பெயர் இருந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார், தேயாமலிருக்க உறை ஒன்று செய்து அனுப்பு என்று டாக்டர் எழுதியிருந்தார். எத்தனையோ வாய் பார்த்தவள் நான். நாற்பது வயதுக்காரரின் பல் இப்படித் தரையோடு தரையாகத் தேய்ந்து நான் பார்த்ததில்லை. பின்பல் ஒன்று பிளந்தே போயிருக்கிறது. பயம் என்பதைக் கையில் பிடித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பெட்டியை உடைக்கவில்லை. ஆய்வு செய்கிற ஆள் ஏப்ரலில்தான் வர முடியுமாம், அதுவரை யாரும் தொடக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

உன் அக்கா

*

மார்ச் 9

அன்புள்ள சுண்டு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? நர்ஸ் பிள்ளையை இன்னும் வெளியே விடவில்லை. அவர் அம்மா தினமும் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வருகிற வழியில் இங்கே வந்து உட்காருகிறார். உள்ளே அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். நீயாவது ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்களுக்கு அவரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை எழுதக் கூடாதா? சேர்ந்து வேலை பார்த்தவன் சொன்னால் ஒரு மதிப்பு இருக்கும்.

அக்கா

*

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், வேலை நெருக்கடியில் எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அத்தானைக் கேட்டதாகச் சொல். மகள் லீவுக்கு வந்தாளா?

நான் எழுதினால் நர்ஸுக்கு நல்லதைவிடக் கெட்டதுதான் வரும். என்னையே வெளியே அனுப்பினவர்கள் என் பேச்சைக் கேட்பார்களா? நீ இதில் தலையிடாமல் இரு. சட்டம் பார்த்துக்கொள்ளும்.

முக்கியமான விஷயம். இரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமையிலிருந்து பெட்டியை ஏன் அணைத்து வைத்திருக்கிறாய்? அதை அப்படி வைப்பது தப்பு. ஆய்வு செய்ய வருகிறவன், எதையோ மறைக்கத்தான் அணைத்தீர்கள் என்று உன்மேலும் அத்தான்மேலும் திருப்புவான். இந்தக் கடிதம் கிடைத்ததும் சுவிட்சைப் போடு. ஒரே ஒரு நாள் ஓட விடு. பழைய குப்பையெல்லாம் தானாகச் சுத்தமாகிவிடும். அப்புறம் யார் வந்து பார்த்தாலும் கவலை இல்லை. அக்கா, மறக்காமல் போடு. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அன்புத் தம்பி

*

மார்ச் 27

சுண்டு,

நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்க உட்கார்ந்தேன். கேட்க வரவில்லை.

பெட்டியை அணைத்ததை நான் உனக்கு எழுதவில்லை. யாருக்குமே சொல்லவில்லை. உன் அத்தானிடமே லைன் பழுது என்றுதான் சொன்னேன், அவரும் டிவியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். நர்ஸ் பிள்ளையின் அம்மா எழுந்து போன பிறகு, அந்தப் பச்சை விளக்கைப் பார்க்கச் சகிக்காமல் உன் சீட்டைக் கிழித்துவிட்டுச் சுவிட்சை இறக்கினேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. தேதிகூட நீ சரியாக எழுதியிருக்கிறாய்.

உனக்காக நானே சாக்குத் தேடினேன். அத்தான் சொல்லியிருப்பாரோ என்று கேட்டேன், உன்னோடு பேசி மாசக்கணக்காகிறது என்றார். என் போனைப் பார்த்துத் தெரிந்துகொண்டாயோ என்று நினைத்தேன், பெட்டி அணைந்ததும் அது தானாகச் சிம் நெட்டுக்கு மாறிக்கொண்டது, அணையவே இல்லை. மகளிடமும் விசாரித்துவிட்டேன். கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. பெட்டி அணைந்தது, உள்ளே வரப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். கிளம்பின அன்றே அடைத்துவிட்டேன் என்றாயே, அந்த வழியை நீ அடைக்கவில்லை.

அங்கே உட்கார்ந்துகொண்டு என் வீட்டு வாசல் வழியாக எழுதினாய், அப்படித்தானே? பாஸ்வேர்டை நான் எத்தனை மாற்றினால் என்ன. மாடிப்படிக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு நான் உனக்குத்தான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இத்தனை நாள் யாரோ முகம் தெரியாதவனுக்குப் பயந்தேன். இப்போது முகம் தெரிந்துவிட்டது, பயம் இரண்டு மடங்காகிவிட்டது. நீ எதையெல்லாம் பார்த்தாய்? என் மகள் ஹாஸ்டலிலிருந்து பேசும்போது, நானும் அத்தானும் சண்டை போடும்போது, நீ அதற்குள் இருந்தாயா? அந்தப் பெண் குடையை மறப்பது உனக்கு எப்படித் தெரியும்?

நான் நினைப்பது தப்பு என்று எழுது. அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுவிட்சை மட்டும் நான் போட மாட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 4

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை.

அந்த அதிகாரியை ஒன்றும் செய்வதாக இல்லை. சத்தியமாக இல்லை. கொஞ்சம் பயப்படட்டும் என்றுதான் எழுதினேன். என்னை அத்தனை பேர் முன்னால் நிற்க வைத்தாள், அக்கா. அவள் வீட்டு வாசல் கேமராவும் நான் மாட்டிக் கொடுத்ததுதான், அதில்தான் அந்தப் பெண் வருவது தெரியும். உன் வீட்டில் ஒன்றும் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. நம்பு.

நர்ஸை மாட்டிவிட நான் நினைக்கவில்லை. அது தானாக நடந்துவிட்டது. சாட்சி இல்லையென்றால் எப்படியும் விட்டுவிடுவார்கள். பெட்டியில் மட்டும் தடம் இருக்கிறது. ஒரு மணி நேரம் போட்டால் போதும், நான் அழித்துவிடுவேன், எல்லோரும் பிழைத்துக்கொள்வோம். அம்மா போகும்போது என்னை உன் கையில்தானே கொடுத்துவிட்டுப் போனாள்? ஒரு சுவிட்ச், அக்கா. ஒரே ஒரு தடவை.

உன் சுண்டு

*

ஏப்ரல் 13

அன்புள்ள சுண்டு,

அத்தானின் முழங்கால் தேவலை. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று எழுதினால் அது பொய்.

உன் கடிதம் கையில் கிடைத்ததும் வேலை அறைக்குப் போனேன். சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா பெயரைச் சொல்லியிருந்தாயே, நிற்கத்தான் வேண்டியிருந்தது. எதிரே மேஜையில் நிர்வாக அதிகாரி அம்மாவின் பல் அச்சு இருந்தது. உறை முதலில் சரியாக உட்காரவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள், ஒரு மாசத்துக்குள் பல் இன்னும் தேய்ந்துவிட்டதாம், புது அச்சு எடுத்திருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மெயில் நின்ற பிறகும் தேய்ந்திருக்கிறது, சுண்டு. கொஞ்சம் பயப்படட்டும் என்றாயே, அது எவ்வளவு கொஞ்சம் என்று நான் விரலால் தடவிப் பார்த்தேன். விரலைச் சுவிட்சிலிருந்து எடுத்துவிட்டேன்.

பெட்டியை வயரோடு கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். ஆய்வுக்காரர் வருகிற வரை காத்திருந்தால் என் மனசு மாறிவிடும் என்று எனக்கே என்மேல் பயம். "இதை மாட்டியது கடைக்காரர் இல்லீங்க, என் தம்பி. வெளியூர்ல இருந்தே உள்ள வருவான்" என்றேன். இன்ஸ்பெக்டர் கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து ஏன் அனுப்பினார்கள் என்று அப்போதுதான் சொன்னார். அங்கே வேலை பார்க்கிறவர்கள் போனில் எழுதுவதையெல்லாம் ஆஸ்பத்திரி வைஃபை வழியாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாயாம். அந்த அம்மா போலீசுக்குப் போகாமல், உன் எதிர்காலம் கெட வேண்டாம் என்று வெளியே மட்டும் அனுப்பினாராம். நீ என்னிடம் பொய்ப் புகார் என்றாய், நானும் அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே அவர்கள் கொடுத்த வேலையைச் செய்தேன். உன் கடிதங்களை நான் கொடுக்கவில்லை, இன்ஸ்பெக்டர் கேட்கவும் இல்லை. பெட்டியே போதும் என்றார்.

நர்ஸ் பிள்ளை வெளியே வந்துவிட்டார். நேற்றுச் சாமானை எடுத்துப் போக அவரும் அம்மாவும் வந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிள்ளை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை, சாவியைப் படியில் வைத்தார். "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். காதில் விழாத மாதிரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அன்றைக்கு நான் கதவுக்குப் பின்னால் நின்றதை அவர் பார்த்திருக்கிறார்.

வீட்டில் இப்போது வைஃபை இல்லை. அத்தான் புதிது வாங்கலாம் என்கிறார், கொஞ்ச நாள் போகட்டும் என்றிருக்கிறேன். மாடியிலும் ஆளில்லை. பயம் போகவில்லை, ஆனால் இந்தத் தடவை உனக்காகப் பயப்படுகிறேன்.

உன் ஊர் போலீசுக்கு எழுதிவிட்டதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். அவர்கள் முந்துவார்களா இந்தக் கடிதம் முந்துமா என்று தெரியவில்லை. இது முதலில் கிடைத்தால் எங்கும் ஓடாதே. முகம் கழுவி, நல்ல சட்டையாகப் போட்டுக்கொள். போகிற இடத்தில் இருமல் திரும்பினால் சொல்ல ஆள் கிடையாது, ஸ்வெட்டரையும் எடுத்து வை. மணி அடித்தால் நீயே போய்க் கதவைத் திற.

சாப்பிட்டுவிட்டு இரு.

உன் அக்கா